கணக்கு உதைக்கிறது

டண்டியில் மூன்றுக்குப் பூஜ்யம்.
பேருந்து வடக்கே திரும்பியதும் மழையும் ஏறிக்கொண்டது.
ஹீட்டர் வேலை செய்யவில்லை.
மூச்சு படிந்த ஜன்னலில் யாரோ விரலால் போட்ட பூஜ்யம்
ஒரு பக்கமாக வடிந்து
ஒன்பதாகிக்கொண்டிருந்தது.

டோடி செய்தித்தாளை முழங்கால்மேல் விரித்தான்.
பக்கம் நாற்பத்தொன்று, சம்பளப் பட்டியல்.
எங்கள் இடதுபுறத் தடுப்பாளன் ஸ்பென்ஸ்,
மூன்றாவது கோலுக்கு ஒதுங்கி வழிவிட்ட புண்ணியவான்,
வாரத்துக்கு இரண்டாயிரத்து முந்நூறு பவுண்டு.

"நிக்கிறதுக்கா?" என்றாள் ஷீனா.

பற்றிக்கொண்டது.
அது வரிக்கு முன்னால் என்றான் யூவன்.
வரி போகக் கையில் என்றது பின் இருக்கை.
ஆடினால் முழுசு, பெஞ்சில் உட்கார்ந்தால் பாதி,
காயம் என்றால் அதற்கொரு தனி விதி.
வீட்டு வாடகைகூட கிளப் தலையில்தான் என்று
ஒருவன் சத்தியம் செய்தான்:
அவன் மைத்துனி அந்த வீட்டுக்குத் திரைச்சீலை தைத்தவளாம்.
ஜன்னலை அளந்தவளுக்குச்
சம்பளமும் அளவு தெரியும்போல.

யூவன் வேறொரு தாளில்
ஆயிரத்து நூறு என்று படித்திருக்கிறான்.
ஏஜென்ட் வாயில் விழுந்தால் ஏறும்,
கிளப் வாயில் விழுந்தால் இறங்கும்.
'நம்பத்தகுந்த வட்டாரம்' என்று அச்சில் வந்தால்
அந்த வட்டாரத்தில் ஒரே ஓர் ஆள் குடியிருப்பான்.
அவனும் நேற்றைய தாளைப் பார்த்துச் சொல்பவன்.

துறைமுகத்தில் எடைபோடுகிற ஆர்ச்சி டூதி
அதுவரை தெர்மாஸ் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.
"மீன் பெட்டி தராசுக்கு ஐஸோடதான் வருது.
முள்ளு காட்டினத நான் எழுதுறேன்.
வாங்குறவன் ஐஸைக் கழிக்கிறான்,
விக்கிறவன் கழிக்கமாட்டேங்கிறான்.
மீனை யாரும் கேட்டதில்ல."

"அப்ப பட்டியல் பொய்யா?"

"பொய்னு சொன்னேனா?
ஈரம்னேன்."

டோடிக்கு அது போதவில்லை.
தாளின் ஓரத்தில் பேனாவால்
முந்நூறோடு சேர்ந்த இரண்டாயிரத்தை
இருபத்துநாலு ஆட்டக்காரர்களால் பெருக்கினான்,
ஐம்பத்திரண்டு வாரத்தால் பெருக்கினான்,
இருபத்தெட்டு லட்சத்தைத் தாண்டி எங்கோ போய் நின்றது.
எங்கள் மைதானத்துக்கு வருவது ஆயிரத்து எழுநூறு பேர்.
கடல் பக்கத்து வரிசைகளுக்குக் கூரை கிடையாது.
பை விற்கும் ஜன்னல் இடைவேளைக்கு முன்பே சாத்திவிடும்.
"கணக்கு உதைக்குது" என்றான்.

"களத்துல யாரும் உதைக்கல.
தாள்லயாவது உதைக்கட்டும்."
ஷீனாதான்.

ஸ்டோன்ஹேவன் விளக்குகள் வந்து போயின.
அப்போது ஓட்டுநரின் மைக் கரகரத்தது.
"எல்லாம் தெரிஞ்சவங்களே,
இந்த வண்டிய ஓட்டுற எனக்கு எவ்வளவு?"

மணிக்குப் பதினாலு என்றது ஒரு குரல்.
ராத்திரி என்பதால் பதினாறு.
ஞாயிறு என்றால் ஒன்றரை மடங்கு.
இன்று சனி என்று திருத்தினார் ஒருவர்.
மைக்கிலிருந்து சத்தமே இல்லை,
வைப்பரின் ஒலி மட்டும்
ஆமாம், இல்லை, ஆமாம், இல்லை.

பிறகு எதிரே உட்கார்ந்திருந்தவர்களை
எல்லோரும் ஒரு நொடி பார்த்தோம்.
பதினெட்டு வருடமாக ஒரே வண்டி.
யூவன் மீன் பதப்படுத்தும் ஆலையில்
எவ்வளவு வாங்குகிறான் என்று எனக்குத் தெரியாது.
கேட்டால் அவன் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவான்.

வழக்கம்போலக் கம்பளித் தொப்பி சுற்றிவந்தது, ஓட்டுநருக்காக.
மடித்த கைகள் உள்ளே போய் விரிந்து வெளியே வந்தன.
முன் இருக்கையை அடைவதற்குள்
நாற்பது தேறும் என்றான் டோடி,
அறுபதுக்குக் குறையாது என்றது பின் இருக்கை.
ஓட்டுநர் எண்ணிப் பார்க்கவில்லை,
தொப்பியோடு அப்படியே கண்ணாடி ஓரம் வைத்துவிட்டார்.

"நீ என்ன போட்டே?" ஷீனா என் காதில்.

இரண்டு பவுண்டு என்றேன்.

போட்டது ஒன்று.